பால்மரமும் பழைய மோட்டாரும்

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் விலையையும் பற்றியே எழுதுகிறார்கள். நாம் எழுதப் புகுவதோ வேகமும் இல்லாத, விலையும் இல்லாத வண்டிகளைப் பற்றி. இருவர் மூவர் ஓட்டிக் களைத்த பின்னர் நம் கைக்கு வந்தவை அவை, மழையில் ஒழுகியவை, மேட்டில் மூச்சு வாங்கியவை. செமினி வட்டாரத்தில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய வண்டிகள் நான்கினை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஓட்டியிருக்கிறோம். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவனுக்கு ஒரு பழைய மோட்டார் எத்தகைய பொருளாக இருந்தது என்பதை நேயர்கள் முன் வைப்பதே நமது நோக்கம். பட்டணத்து அன்பர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். தோட்டத்து அன்பர்களுக்கு அவ்வாறு தோன்றாது என்று நம்புகிறோம்.

மோட்டாருக்கும் நமக்கும் உள்ள உறவு நாம் அதில் ஏறி உட்கார்ந்த நாளில் தொடங்கியதன்று. இரண்டு தலைமுறைகளுக்கு முன்னரே தொடங்கியது. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வாணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டவர்களில் அவர்கள் முன்னோடிகள். 1908இல் அமெரிக்காவில் போர்டு தமது 'டி' மாதிரி வண்டியை வெளியிட்டார். வண்டிகள் பெருகப் பெருக டயர்கள் வேண்டியிருந்தன. டயர்களுக்குப் பால் வேண்டியிருந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பரின் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கும் மேலே ஏறிற்று. அந்தப் பாலை வெட்டுவதற்கு ஆள் தேடித்தான் கங்காணிகள் சேலத்திலும் தஞ்சையிலும் வட ஆர்க்காட்டிலும் ஊர் ஊராகத் திரிந்தார்கள். நம் பாட்டனார் கப்பலேறியதும் அவ்விதமே. டெட்ராய்ட் நகரத்தில் வண்டி ஓட்டிய ஒருவர் நம் பாட்டனாரை அறியமாட்டார். நம் பாட்டனாரோ டெட்ராய்ட் என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார். ஆயினும் இருவருக்கும் இடையே ஒரு டயர் இருந்தது.

அதே டெட்ராய்டில் 1914இல் போர்டு தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். 1925ஐ ஒட்டி அவருடைய வண்டியின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆகவே அங்குள்ள தொழிலாளர் பலர் தாங்கள் பூட்டிய வண்டியைத் தாங்களே வாங்கி ஓட்டினார்கள். போர்டு தருமத்துக்காக அதைச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. வேலையை விட்டு ஓடும் ஆட்களை நிறுத்தவே செய்தார் என்பர். எக்காரணத்தாலோ செய்தார். இங்கே, அதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும், டயருக்குப் பால் வெட்டிய தமிழனுடைய நாட்கூலி 50 காசை ஒட்டியே நின்றது. அந்நாட்டு டாலர் வேறு, நம் வெள்ளி வேறு என்று கணக்கு நுணுக்கம் பேசுவோர் பேசட்டும். கார் இருக்கட்டும், ஒரு சைக்கிள் வாங்குவதே அவனுக்கு ஓராண்டுக் கனவாக இருந்தது.

அந்தச் சைக்கிளிலும் அவன் நிம்மதியாக ஏறிப் போக முடிந்ததா? 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் முதலிய கோரிக்கைகளோடு இன்னுமொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது. ஒரு மனிதன் இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி இன்னொரு மனிதனைக் கடந்து போவதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது! மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டார்கள்.

நம் தந்தையார் அப்போது கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவர். சைக்கிளில் தம்மை முன்னே உட்கார்த்தி வந்த தம் தகப்பனார், கிராணியைக் கண்டதும் இறங்கி, தம்மையும் இறக்கிவிட்டு, ஓரத்தில் நின்ற காட்சியை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கோபப்பட்டதில்லை. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்வார். பிற்காலத்தில் அவர் செமினியை அடுத்த தோட்டத்துக்கு வந்து பால் வெட்டினார். நாம் அங்கே பிறந்தோம்.

நிற்க. நமது முதல் வண்டி மோரிஸ் மைனர். 1978இல் வாங்கினோம், வண்டி பிறந்தது 1958இல். அப்போது நாம் காஜாங்கில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தோம். விற்றவர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். இரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் தம் கையாலேயே அதைக் கழுவி வந்தவர். விலை 700 வெள்ளி என்றார். கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எண்ணிக் கொடுத்தோம். அவர் பணத்தைத் திரும்ப எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டு, "தம்பி, மேட்டிலே இவளை விரட்டாதையுங்கோ, தானே ஏறுவாள்" என்றார். அதைவிட நல்ல ஓட்டுநர் பாடம் நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

இளைய நேயர்கள் மோரிஸ் மைனரைப் படத்தில் பார்த்திருக்கலாம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது; வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவ்வாண்டிலேயே பிரான்சில் சித்ரோன் நிறுவனம் குடியானவர்களுக்கென்று ஒரு தகரக் கூட்டு வண்டியைக் காட்சிக்கு வைத்தது. உழுத வயலின் மேல் ஓடினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்பது அதன் இலக்கணமாம். உலகப் போரில் களைத்த நாடுகள் ஏழைக்கேற்ற வண்டியைத் தேடிய காலம் அது. மோரிஸ் மைனர் இலங்கையில் டாக்சியாகப் பல்லாண்டு ஓடிற்று. நம் நாட்டிலோ ஆசிரியர்களும் எழுத்தர்களும் மருத்துவ உதவியாளர்களும் அதை வைத்திருந்தார்கள். நம் வண்டியில் 948 சி.சி. எஞ்சின். திரும்பும்போது மின்னும் விளக்குக் கிடையாது. இரு கதவுகளுக்கும் பின்னால் உள்ள தூணிலிருந்து மஞ்சள் விளக்கேந்திய ஒரு சிறு கை வெளியே எழும். சில நாள் அது எழ மறுக்கும். அப்போது நம் கையையே வெளியே நீட்டுவோம். பேட்டரி தளர்ந்தால் முன்புறத் துளையில் இரும்புப் பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அதற்கு ஒரு வித்தை உண்டு. கட்டை விரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். இல்லையேல் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துவிடும்.

வண்டியைத் தோட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போன முதல் நாளில் தந்தையாரை முன்னிருக்கையில் உட்கார வைத்தோம். ஆயாக்கொட்டகை கடந்து, பெரட்டுக்களம் கடந்து, துரையின் பங்களா மேட்டருகே சென்றபோது அவர் திடீரென்று, "மெதுவாப் போப்பா, துரை வீடு" என்றார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கதவின் பிடிமேல் கை வைத்திருந்தார். இறங்குவதற்கு! துரை பங்களாவில் இல்லை. இருந்தவரும் வெள்ளைக்காரர் அல்லர். தோட்டம் உள்நாட்டார் கைக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் சட்டத்திலும் நடப்பிலும் ஒழிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. ஆனால் அந்தக் கை அதை அறியவில்லை. நாம் ஒன்றும் பேசவில்லை. வண்டியை நிறுத்தவுமில்லை. பங்களா பின்னால் போனபின் அவர் கையை எடுத்தார். துண்டை மறுபடி கட்டிக்கொண்டார்.

மறுநாள் மாலையில் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கண்டோம். டயரின் முன் குந்தி உட்கார்ந்து பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அது தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி மலிவாக விற்கும் பழைய டயர். புதிது வாங்க நமக்குச் சக்தியில்லை. "இதுல நம்ம பாலு இருக்குமாப்பா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர், வெட்டிய பால் எதுவாக மாறுகிறது என்பதை ஒருமுறையும் தொட்டுப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

அந்த வண்டி நம்முடையதாக மட்டும் இருக்கவில்லை. லயங்களில் அப்போது நம்மையன்றி எவரிடமும் மோட்டார் இல்லை. இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கிராணி மனம் வைத்து, லாரி ஓட்டுகிறவர் கள் மயக்கமின்றி இருந்தால்தான் லாரி புறப்படும். 1979இல் ஒரு மழை இரவில் பக்கத்து லயத்து அக்காளுக்குப் பேறுகால வலி எடுத்தது. மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். அவரையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு காஜாங் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். செமினிப் பட்டணத்துக்குச் சிறிது முன்னால் எஞ்சின் நின்றது. பெட்ரோல் இறைக்கும் மின் பம்பு அந்த வண்டியில் மூடிக்குள்ளே ஒரு பக்கத்தில் இருக்கும். நலமாக இருக்கையில் கடிகாரம் போல 'டிக் டிக்' என்னும். கிழப்பருவத்தில் அதன் முனைகள் கரிந்து ஒட்டிக்கொள்ளும். நமக்கு வைத்தியம் தெரியும்: ஸ்பானரால் தலையில் ஒரு தட்டு. மழையில் குடையில்லாமல் மூடியைத் திறந்து தட்டினோம். மூன்றாம் தட்டில் 'டிக் டிக்' கேட்டது. உள்ளே மாமியார் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினோம். விடியற்காலம் பெண் குழந்தை பிறந்தது; இருவரும் நலம்.

அதற்குப்பின் நமக்கு உறக்கம் குறைந்தது. காய்ச்சல், தேள்கடி, மரத்திலிருந்து விழுந்த சிறுவன், சாவுச் செய்தி சொல்லப் பெரானாங்குக்கு ஓட்டம் என்று கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோலுக்கு என்று இரண்டு வெள்ளியைக் கையில் திணிப்பார்கள். வாங்கலாமா கூடாதா என்பதில் நமக்கும் தந்தையாருக்கும் வழக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாங்கக்கூடாது, கலியாணத்துக்குப் போகும்போது வாங்கலாம் என்று அவரே முடிவில் சட்டம் வகுத்தார். அக்காலத்தில் உரிமமின்றித் தம் சொந்த வண்டியைக் கூலிக்கு ஓட்டியவர்கள் இருந்தார்கள். 'சாப்பு காடி' என்று நாடெங்கும் பெயர். சட்டப்படி குற்றம். பேருந்து நுழையாத தோட்டங்களுக்கு அவர்கள் செய்த உதவியையும் மறுக்க முடியாது. தீபாவளிக்கு முதல் நாள் அவர்கள் கேட்ட கூலியையும் மறக்க முடியாது.

இதற்கிடையில் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. லயத்து வாசலில் மோட்டார் நிறுத்தலாகாது என்று. காரணம் எழுதப்படவில்லை. எழுத அவசியம் இல்லையென்று எண்ணினார்கள் போலும். கூப்பிடாமலே ஆள் வெளியே போகவும் வரவும் முடிகிறது என்பது நிருவாகம் செய்கிறவர்களுக்கு எப்போதும் சங்கடந்தான். நாம் சண்டைக்குப் போகவில்லை. தோட்ட எல்லைக்கு வெளியே சாலையோரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே தம் கடைப் பக்கத்துப் பலா மரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வாடகை கேட்கவில்லை. அவர் தாயாரை இருமுறை பல் வைத்தியரிடம் அழைத்துப் போனோம். கணக்கு அதோடு சரி. கதவு தட்டப்படும் இரவுகளில் அரை மைல் ஓடிப்போய் வண்டியை எடுத்துவந்தோம்.

இரண்டாவது வண்டி தட்சன் 120ஒய். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகெங்கும் சிறு ஜப்பானிய வண்டிகளுக்குக் கிராக்கி வந்தது. இங்கும் சாலைகளை அவை நிறைத்தன. எஞ்சினைப் பொறுத்தவரை அது குறை சொல்ல இடம் வைக்காத வண்டி. ஆனால் முன்னே வைத்திருந்தவர் கிள்ளான் துறைமுகத்தருகே குடியிருந்தவராகையால் கடற்காற்று அடித்தட்டைத் தின்றிருந்தது. பின்னிருக்கையின் காலடியில் ஓர் ஓட்டை. நம் பிள்ளைகள் அதன் வழியாகச் சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதனால் வழியில் சண்டை போடுவதில்லை. தகரம் வைத்து அடைத்த நாளில் இருவரும் அழுதார்கள்.

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் இந்நாட்டின் சொந்த வண்டியென்று புரோட்டான் சாகா வெளிவந்தது. உள்ளே இருந்தது மிட்சுபிஷியின் வேலைப்பாடு; பெயர் மட்டும் நம் மண்ணுக்குரியது. 'சாகா' என்பது ஆனைக்குன்றிமணி. தோட்டத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அதே சிவப்பு விதை. ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் வண்டி கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. நாம் அதை ஆறாண்டுகள் கழித்து, பழையதாக, வாங்கினோம்.

இங்கே ஒரு வார்த்தை. அந்த வண்டி வந்த நாளில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வேண்டுமென்று உற்றார் வற்புறுத்தினார்கள். பழம் வாங்கினோம், நால்வருக்கும் சாறு பிழிந்து கொடுத்துவிட்டு வண்டியைப் போமனிடம் கொண்டுபோய் பிரேக்கு லைனிங்கை மாற்றினோம். பழத்தை நசுக்கியோர் பலருடைய வண்டிகள் அதே வாரத்தில் பள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்கள் நாம். அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று பின்னாளில் வந்தது. ஒன்பது ஆண்டுத் தவணையில் வண்டி வாங்குவது! கண்ணாடி மின்னும் வண்டி வாசலில் நிற்கும். வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு நகை அடகுக்குப் போகும். தவணை முடியுமுன் வண்டி கிழமாகிவிடும். நம் நான்கு வண்டிகளில் எதுவும் கடனில் வந்ததில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மலிவான வண்டி என்பதன் முதற்பொருள் அதுதான் என்பதற்காகச் சொல்கிறோம். அது தன்னை ஓட்டுகிறவனைத் தான் ஓட்டாது.

நான்காவது வண்டி கஞ்சில். அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஏனெனில் அது நம்முடையதன்று, நம் துணைவியாருடையது.

1994 ஆகஸ்டில் பெரோடுவா நிறுவனம் அதை வெளியிட்டது. டைஹாட்சுவின் சிறு வண்டியைத் தழுவியது. மூன்றே சிலிண்டர், 660 சி.சி. இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800க்கும் மூன்று சிலிண்டர்தான். அங்கே ஸ்கூட்டரில் நால்வராகத் தொற்றிப் போன குடும்பங்களை அது உள்ளே ஏற்றியது போல, இங்கே மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்த குடும்பங்களைக் கஞ்சில் ஏற்றியது. கஞ்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லி, அவற்றின் முதுகின் மேலேயே ஆற்றைத் தாண்டிவிடும் குட்டி மிருகம். பலமில்லாதவன் புத்தியால் கடக்கிறான் என்ற கதைக்கு இந்த வண்டியைவிடப் பொருத்தமான உருவம் கிடையாது. தகர டப்பா என்று ஏளனம் செய்தோர் உண்டு. செய்யட்டும். 1,000 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளிதான்.

துணைவியார் அப்போது பாங்கியில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் வேலை செய்தார். தோட்டத்து வேலை சுருங்கிக்கொண்டிருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனையையும் வெட்டி வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 1921இல் உண்டான பிராங் பெசார் தோட்டம் 1995இலிருந்து புத்ராஜெயா நகரமாக மாறத் தொடங்கிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள். சிறிய தோட்டங்களின் கதையைப் பத்திரிகைகள் எழுதவில்லை. லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு வேலை பத்துக் கல்லுக்கு அப்பால் இருந்தது. தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்தில் விடியற்காலை இருட்டில் பெண்கள் நிற்பார்கள். பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று.

அம்மையார் நாற்பது வயதில் ஓட்டக் கற்றார். முதல் தேர்வில் மேட்டில் வண்டி பின்னுக்கு உருண்டது, இரண்டாவதிலும் உருண்டது, மூன்றாவதில் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் சொன்னதை நாம் சொல்லிக்கொடுத்தோம்: மேட்டிலே விரட்டாதே, தானே ஏறும். 1996ஆம் ஆண்டுக் கஞ்சில் ஒன்றைத் தம் சேமிப்பில் தாமே விலை பேசி வாங்கினார். "பொம்பள ஓட்டுற வண்டியில நான் ஏறமாட்டேன்" என்று சொன்ன அண்டை வீட்டு மாமாவுக்கு இரண்டே மாதத்தில் நெஞ்சு வலி வந்தது, ஏறினார். பின்னர் ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்கவும் அதே வண்டியில்தான் போனார்.

அந்தச் சிறு வண்டியில் அம்மையாரோடு மூன்று பெண்கள் தினமும் வேலைக்குப் போனார்கள். சம்பளம் பேசினார்கள், மிகை நேரக் கூலி பேசினார்கள், குடிக்கும் கணவன்மாரைப் பற்றிப் பேசினார்கள். ஆண் காது இல்லாத இடம் தோட்டத்தில் ஆற்றங்கரை ஒன்றுதான் இருந்தது. இங்கே கஞ்சிலுக்குள் அது கிடைத்தது என்று அவர் ஒருநாள் சொன்னார். செமினி அணைக்கட்டு வழியே சுங்கை தெக்காலா மேட்டில் ஏறும்போது குளிர்சாதனத்தை நிறுத்தினால்தான் வண்டி ஏறும். அப்போது நால்வரும் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கிவிடுவார்களாம்.

2009இல் பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியை உடைக்கக் கொடுத்தால், புதிய உள்நாட்டு வண்டிக்கு 5,000 வெள்ளி கழிவு என்று அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டில் கஞ்சில் உற்பத்தியும் நின்றது. நம் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்குச் சரியாகவே இருந்தது. அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

தந்தையார் தம் கடைசி ஆண்டுகளில் எங்கும் போக விரும்பியதில்லை. அந்தக் கஞ்சிலில் மருமகள் அழைத்தால் மட்டும் வருவார். பழைய தோட்டத்துச் சாலை இப்போது நான்கு வழிச் சாலை. பங்களா மேட்டில் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எந்த வளைவில் பங்களா இருந்ததென்று நமக்கே திட்டமாகத் தெரிவதில்லை. அவருக்குத் தெரியும். அவ்விடம் வரும்போது கண்ணாடிக்கு வெளியே பார்ப்பார். தலையில் துண்டு அப்படியே இருக்கும். கை மடியில் இருக்கும்.

கஞ்சில் இன்னும் வாசலில் நிற்கிறது. போன மாதம் முன் டயர்கள் இரண்டையும் மாற்றினோம், இம்முறை புதிது. சாலை வரி 20 வெள்ளியை அம்மையார் தாமே கட்டினார்.